பெர்காமனா, ரோட்ஸா? ஹெலனிஸ்டிக் சிற்பங்களுக்கு ஊர் சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323-க்கும் எகிப்து ரோமர் கைக்குப் போன கி.மு. 30-க்கும் இடைப்பட்ட, ஹெலனிஸ்டிக் எனப்படும் கிரேக்கச் சிற்பங்களைப் படிக்கத் தொடங்குபவர் கையில் முதலில் ஒரு வாய்பாடு கிடைக்கும். கொந்தளிப்பா, இன்றைய துருக்கியில் இருந்த பெர்காமன். பிரம்மாண்டமா, ரோட்ஸ் தீவு. வழவழப்பும் கேலி உருவங்களுமா, அலெக்சாந்திரியா. பழமை மாறாத பாணியா, ஏதென்ஸ். தேர்வில் நாலு மதிப்பெண் வாங்க இது உதவும். அருங்காட்சியகத்தில் ஒரு சிலையின் முன்னால் நின்றால் காலை வாரிவிடும்.

காரணம் எளிது. ஒரு சிலையோடு குறைந்தது நான்கு ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்: அது கிடைத்த ஊர், சிற்பியின் ஊர், பணம் கொடுத்தவரின் ஊர், கல் வந்த ஊர். இவற்றில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து "பாணி" என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு, மற்றவை பெரும்பாலும் இதன் கிளைகள்.

லூவ்ரில் உள்ள மிலோவின் வீனஸ் 1820இல் மீலோஸ் தீவில் கிடைத்தது. கல் பாரோஸ் தீவுப் பளிங்கு. அதோடு கிடைத்து, பிறகு காணாமல்போன பீடத் துண்டில் சிற்பியின் ஊர் அந்தியோக்கியா என்று இருந்தது. உடனே சிரியாவின் தலைநகரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது. கல்வெட்டு சொல்வது சின்ன ஆசியாவில் மியாண்டர் ஆற்றங்கரையில் இருந்த வேறொரு அந்தியோக்கியா. சிரியாவின் அந்தியோக்கியாவுக்கோ புகழ்பெற்ற நகரத் தெய்வச் சிலையை வடித்தவர் யூட்டிகிடீஸ். அவர் கிரேக்கத்தின் சிக்கியோன்காரர், புகழ்பெற்ற சிற்பி லிசிப்பஸின் மாணவர். சிற்பிகள் வேலை கிடைத்த இடத்துக்குப் போனார்கள், பாணியும் கூடவே போனது.

ஒரு நகருக்கு ஒரே பாணி என்று நினைப்பது

இதை உடைக்கப் பெர்காமனே போதும். அங்கே இருந்த பெரிய பலிபீடத்தின் வெளிச்சுவரில் சுமார் 113 மீட்டர் நீளத்துக்கு, 2.3 மீட்டர் உயரத்தில் தேவர்களும் அரக்கர்களும் மோதுகிறார்கள். புடைத்த தசை, ஆழக் குடைந்த கண்குழி, கல்லில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த தலைமுடி, படிக்கட்டின் மேலேயே முழங்காலை ஊன்றும் உருவங்கள். பாடநூல் சொல்லும் "பெர்காமன் பாணி" இதுதான். ஆனால் அதே கட்டடத்தின் உள்முற்றத்தில், பெர்காமனின் புராண நாயகன் டெலிஃபஸின் கதையைச் சொல்லும் புடைப்புச் சிற்பப் பட்டையைப் பாருங்கள். உருவங்கள் அடங்கியிருக்கின்றன, பின்னணியில் மரமும் பாறையும் வருகின்றன, ஒரே ஆள் காட்சிக்குக் காட்சி திரும்பத் தோன்றுகிறான். அதே நகரின் நூலகத்தில் நின்றதோ, ஏதென்ஸின் பழைய சிற்பி ஃபீடியாஸின் பார்த்தினோன் அதீனாவைப் பின்பற்றிய, மூன்று மீட்டர் உயரமுள்ள நிதானமான பளிங்குச் சிலை. பாணியைத் தீர்மானித்தது ஊர் மட்டுமல்ல, என்ன கதை, எந்த இடத்தில் வைக்க என்பதும்தான்.

மறுபக்கமும் உண்டு. பாம்புகள் சுற்றிய பூசாரி லாவோகூனின் சிலை முகத்தைப் பலிபீடத்தின் அரக்கன் அல்கியோனியஸ் முகத்தோடு ஒப்பிட்டால் வாய்பாட்டின்படி அதுவும் பெர்காமன்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் ரோட்ஸைச் சேர்ந்த மூவர் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி, கிடைத்ததோ 1506இல் ரோமில். கி.மு. இரண்டாம் நூற்றாண்டா, கி.பி. முதல் நூற்றாண்டா என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. பழைய படங்களை வைத்து அதன் அமைப்பை அளக்காதீர்கள். அதில் மேலே நீண்டிருக்கும் வலது கை பிற்காலத்து ஒட்டு. தோளுக்குப் பின்னால் மடங்கிய அசல் கை 1906இல் ரோமில் அகப்பட்டு, 1950களின் இறுதியில்தான் பொருத்தும் வேலை தொடங்கியது.

கல்லை வைத்து ஊர் சொல்வது

சாமோத்ரேஸ் தீவில் கிடைத்த வெற்றித் தேவி நைக்கியின் சிலையில் கப்பலும் பீடமும் ரோட்ஸின் லார்டோஸ் பகுதிச் சாம்பல்நிறப் பளிங்கு. ஆகவே ரோட்ஸ் படைப்பு என்பார்கள். இருக்கலாம். ஆனால் மேலே நிற்கும் தேவியின் கல் பாரோஸுடையது. அந்த ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

அலெக்சாந்திரியா

எகிப்தில் சிலைக்கேற்ற நல்ல வெண்பளிங்கு இல்லை, கடல்வழியே வரவேண்டும். அதனால் முகத்தை மட்டும் பளிங்கில் செதுக்கி, தலையின் பின்புறத்தையும் முடியையும் சுதையால் முடிப்பது அங்கே வழக்கம். சுதை உதிர்ந்துபோனபின் பார்ப்பவர்கள் "பாதி உடைந்த தலை" என்று குறிப்பு எழுதிவிடுகிறார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். உடைந்த பரப்பு தாறுமாறாக இருக்கும். சுதை ஒட்டுவதற்காக விட்ட பரப்பு சீராக வெட்டப்பட்டு, உளித் தடத்தோடு சொரசொரப்பாக இருக்கும். நகரை அடையாளம் காண இது வழவழப்பைவிட நல்ல தடயம், ஏனென்றால் மென்மையான முடிப்பு கோஸ் தீவிலும் ரோட்ஸிலும் தாராளம். கேலி உருவங்களும் அலெக்சாந்திரியாவின் ஏகபோகம் அல்ல. சின்ன ஆசியாவின் ஸ்மிர்னா நகரச் சுடுமண் பொம்மைகளில் அவை ஏராளம்.

நகலை அசலாகப் படிப்பது

ரோமின் கேப்பிட்டலைன் அருங்காட்சியகத்தில் உள்ள "சாகும் கௌல்" (Gaul) இன வீரன், தொலைந்துபோன ஒரு பெர்காமன் சிலையின் ரோமானியப் பளிங்கு நகல் என்பதே பொதுவான கருத்து. அசல் வெண்கலம் என்று கருதப்படுகிறது. உடல் சாய்ந்திருக்கும் விதம், மீசை, கழுத்து வளையம் ஆகியவற்றைப் பெர்காமன் கணக்கில் எழுதலாம். தோலின் மெருகையும் உளி வேலையையும் எழுதக்கூடாது, அவை நகல் எடுத்தவர் கைவண்ணம். நிற்கும் பளிங்கு உருவத்தின் காலோரம் தேவையில்லாத மரக்கட்டையோ, கைக்கும் இடுப்புக்கும் நடுவே கல் முட்டோ இருந்தால் வெண்கல அசலைச் சந்தேகியுங்கள். வெண்கலத்துக்கு அந்த முட்டு வேண்டாம்.

கிழக்கே போகும்போது காலத்திலும் கவனம் தேவை. ஆப்கானிஸ்தானின் அய் கானூம் கிரேக்க நகரில், கோயிலின் பெரிய தெய்வச் சிலைக்குக் கை கால் நுனிகள் மட்டும் பளிங்கு. மிஞ்சியவற்றில் ஒன்று இடிவச்சிரம் பொறித்த செருப்பணிந்த ஒரு பாதத் துண்டு. அதை ஹெலனிஸ்டிக் என்று சொல்லலாம். காந்தாரப் புத்தர்களை அதே பெட்டியில் போட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை கிரேக்க அரசுகள் ஓய்ந்தபின், குஷாணர் காலத்திலும் அதற்குப் பிறகும் செதுக்கப்பட்டவை.