கசூரினா போய்வந்தால் கூடிய இடுப்புவலி: என் அனுபவம்

மனுசிக்கு 6 வருசமாக இடுப்புவலி. சனிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்தால் மறுநாள் கட்டிலை விட்டு எழும்பவே முடியாது. பொன்னாலைப் பாலம் தாண்டிப் போகிற அந்த நீண்ட ஓட்டம்தான் காரணம் என்று நினைத்து சீற்றுக்கு மெத்தை போட்டோம், இடுப்புப் பட்டி வாங்கினோம், பிறகு ஓட்டோவிலும் போய்ப் பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை.

ஒருநாள் மழை. மணல் ஈரமாக இருந்ததால் பாய் விரிக்காமல், முழங்காலளவு தண்ணீரில் நடந்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் வலி கூடவில்லை! அதே வீதி, அதே மோட்டார் சைக்கிள். பாயில் காலை நீட்டி, முதுகைக் கூனிக்கொண்டு 2 மணித்தியாலம் இருந்ததுதான் வினை என்று அப்போதுதான் விளங்கியது.

இப்போது சாய்வுள்ள மடக்குக் கதிரை ஒன்று கொண்டுபோகிறோம், 20 நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பி இருவருமாக நடக்கிறோம். பழைய வலி அப்படியே இருக்கிறது, ஆனால் ஞாயிறு படுக்கையில் போவதில்லை.