மாணவத் தலைவர் சின்னம் இல்லாமலும் கம்பஸ் போகலாம்

மாணவத் தலைவராக இருந்ததில்லை, தொண்டு வேலை செய்ததில்லை, கம்பஸ் கிடைக்குமோ என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சில பிள்ளைகள் யோசிக்கிறார்கள். நம் இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு உயர்தர இசட் புள்ளியும் (பாடங்களுக்கிடையே ஒப்பிடக் கணக்கிடும் புள்ளி) மாவட்ட வெட்டுப்புள்ளியும்தான் கணக்கு. அவற்றுக்குச் சான்றிதழ்க் கோவையை யாரும் புரட்டுவதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தால் கதை வேறு; பல இடங்களில் படிப்புக்கு வெளியே செய்த செயற்பாடுகளையும் பார்ப்பார்கள். ஆனால் அங்கேயும் பதவி மட்டும் செயற்பாடு இல்லை. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் (Common App) படிவத்தில் 10 செயற்பாடுகள் வரை போடலாம். வீட்டுப் பொறுப்புக்கும் சம்பள வேலைக்கும் தனி வகையே உண்டு. ஒவ்வொரு செயற்பாட்டின் விளக்கத்துக்கும் 150 எழுத்துக்குறிகள்தான். அதை ‘வீட்டுக்கு உதவினேன்’ என்று வீணாக்காதீர்கள். ‘அப்பாவுடன் வயலுக்கு நீர் பாய்ச்சினேன், கடைக் கணக்கு எழுதினேன், தம்பிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன்’ என்று விவரமாக எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அதையும் மிகைப்படுத்தாமல் உள்ளபடி நிரப்புங்கள்.