சொந்தமாகப் போட்ட புத்தகத்தைச் சொந்த ஊரில் விற்பது எப்படி?

போன வருடம் என் சிறுகதைத் தொகுப்பை நானே அச்சிட்டேன். 300 பிரதி. சிவகாசியிலிருந்து வேனில் வந்து இறங்கிய கட்டுகளைப் பார்த்துவிட்டு என் கணவர் இரண்டு கேள்வி கேட்டார். "இதை எங்க வைக்க?" "யாருக்கு விக்க?" முதல் கேள்விக்குக் கட்டிலடியில் இடம் கிடைத்தது. இரண்டாவதற்குப் பதில் கிடைக்கப் பத்து மாதம் ஆனது.

நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைப் போல முதல் புத்தகத்தைத் தானே போட்டு, தானே விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் முடிந்து, பிடிஎஃப் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே இதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் விற்பனை அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: விலையைப் பின்னாலிருந்து போடுங்கள்

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

என் புத்தகம் டெம்மி அளவில் 144 பக்கம். அச்சு, அட்டை, பைண்டிங், அச்சகப் பில்லில் வந்த வரி, வேன் வாடகை எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 82 ரூபாய் அடக்கம். புது எழுத்தாளர், விலை அதிகம் என்றால் யார் வாங்குவார்கள் என்று நினைத்து 120 ரூபாய் என்று பின்னட்டையில் அச்சடித்துவிட்டேன். ஒரு பிரதிக்கு 38 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டாயிற்று.

பிறகுதான் புத்தகக் கடைக்குப் போனேன். விலையில் 40 சதவீதம் கழிவு, அதாவது கடையின் பங்கு, கேட்டார்கள். 120-இல் 40 சதவீதம் 48 ரூபாய். எனக்கு வருவது 72. அடக்கமோ 82. கடையில் ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் எனக்குப் பத்து ரூபாய் நஷ்டம்! எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லாப நட்டம் நடத்துகிறவளுக்கு இந்தக் கணக்கு கடை வாசலில்தான் உறைத்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. அவருக்கு வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் இருக்கிறது, வாங்குபவருக்குத் தரும் 10 சதவீதத் தள்ளுபடியையும் அந்தக் கழிவிலிருந்துதான் தருகிறார். முன்பே கேட்டுக்கொள்ளாதது என் தப்பு.

சரியான வழி இதுதான். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் ஊரில் இரண்டு மூன்று கடைகளில் கழிவு எவ்வளவு என்று கேளுங்கள். இருப்பதிலேயே அதிகமான கழிவைப் போட்ட பிறகும் கையில் 20, 25 ரூபாய் நிற்கிற மாதிரி விலையைப் பின்னோக்கிப் போடுங்கள். 40 சதவீதக் கழிவு என்றால், அடக்கத்தை இரண்டேகாலால் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். 82-ஐ இரண்டேகாலால் பெருக்கினால் 184.50. இரண்டாம் பதிப்புக்கு 180 வைத்தேன். கடைக்கு 72 போக எனக்கு 108. இதுவரை யாரும் விலை அதிகம் என்று சொல்லவில்லை. வாங்காதவர்கள் 120 ரூபாய்க்கும் வாங்கவில்லைதானே.

படி 2: உள்பக்க விவரங்கள்

தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் நூல் பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம், விலை, வெளியீட்டு முகவரி, அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அச்சகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்சேர்க்கையில் வருகிறது.

புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண் இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில், தன் நூலைத் தானே வெளியிடும் ஆசிரியராக நீங்களே விண்ணப்பிக்கலாம். "வாங்கித் தருகிறேன்" என்று என்னிடம் ஒருவர் 2,000 ரூபாய் கேட்டார். கொடுக்கவில்லை. எண் வரச் சில வாரம் ஆகலாம், ஆகவே அட்டை வேலை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அந்த எண்ணின் பார்கோடு பின்னட்டையில் உட்கார வேண்டும்.

படி 3: அச்சு

பக்கங்களை 16-இன் மடங்கில் முடியுங்கள். அச்சகத்தில் ஃபாரம் கணக்கு, ஒரு ஃபாரம் 16 பக்கம். 144 என்றால் ஒன்பது ஃபாரம், மிச்சமில்லை. 150 பக்கம் வந்தால் பத்தாவது ஃபாரத்துக்கும் காசு கொடுத்துவிட்டு வெற்றுப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உள்ளே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், வெளியே 300 ஜிஎஸ்எம் அட்டை (ஜிஎஸ்எம் என்பது தாளின் கன அளவு). பசை மட்டும் போடாமல் தையலும் போடச் சொல்லுங்கள், கொஞ்சம் செலவு அதிகமானாலும் சரி. அட்டை லேமினேஷனில் பளபளக்காத மேட்தான் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். ஊருக்குள் விற்கும் புத்தகத்துக்கு நான் பளபளப்பான கிளாஸ்தான் சொல்வேன். ஒரு பிரதி விற்பதற்குள் பத்துப் பேர் எடுத்துப் புரட்டுவார்கள், கிளாஸ் என்றால் துணியால் துடைத்தால் போயிற்று.

ஆயிரம் அடித்தால் அடக்கம் நன்றாகக் குறையும் என்று அச்சக அண்ணாச்சி ஆசை காட்டினார். உண்மைதான். ஆனால் கட்டிலடியில் இருக்கும் ஆயிரம் பிரதியைக் கரையானும் கணக்குப் போடும். முதல் தடவை 300 போதும்.

படி 4: விற்பனைக்கு இல்லாத பிரதிகளை முதலில் ஒதுக்குங்கள்

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலை வெளியிடுபவர் நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம். வெளியான 30 நாளுக்குள், நம் செலவில்.

அப்புறம் இலவசப் பிரதிகள். விமர்சகர்கள், அணிந்துரை எழுதியவர், அட்டை போட்டவர் என்று ஒரு பட்டியல் எழுதி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் பட்டியல் போடவில்லை, 31 பிரதி போயிற்று. அதில் பாதி, "எனக்கு இல்லையா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு.

படி 5: கையோடு விற்பது

300-இல் 190 பிரதி நானே நேரில் விற்றது. கழிவு கிடையாது, பாக்கி கிடையாது.

வெளியீட்டு விழாவைச் சின்னதாக வையுங்கள். நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டம் நல்ல இடம். மேடைக்குச் செலவழிப்பதைவிட வாசலில் ஒரு மேசை, மேலே வெள்ளைத் துணி, பணம் அனுப்ப க்யூஆர் அட்டை, சில்லறை இவற்றைக் கவனியுங்கள். மேசையில் நீங்கள் உட்காராதீர்கள். எழுதியவரே காசு வாங்கினால் தெரிந்தவர்கள் "அப்புறம் தாரேன்" என்பார்கள். என் மேசையில் பத்தாம் வகுப்பு முடித்த என் பழைய மாணவி உட்கார்ந்தாள். அவளிடம் யாரும் கடன் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பெயரைக் கேட்டுச் சரியாக எழுதுங்கள். பையில் எப்போதும் மூன்று பிரதி இருக்கட்டும். பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருந்தபோது ஒன்று விற்றிருக்கிறேன்.

படி 6: கடைகள்

கடைக்கு ஐந்து பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டு நகல் வரும் சலான் புத்தகம் (சரக்கு கொடுத்ததற்கான சீட்டு) ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பிரதி எண்ணிக்கை, விலை, கழிவு, "விற்றபின் பணம், விற்காதது திரும்பும்" என்று எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்தவர் என்று ஒரு கடையில் வாய்வார்த்தையாகப் பத்துப் பிரதி கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் அவர் மகன் கல்லாவில் இருக்கிறார், "அஞ்சுதான வந்துச்சு" என்கிறார். என்னிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. ஐந்து பிரதி போனது போனதுதான். செயலி, எக்ஸெல் எல்லாம் முயன்று பார்த்துவிட்டு நீள நோட்டுக்கே திரும்பிவிட்டேன். கடைக்கு ஒரு பக்கம். மாதம் ஒரு முறை நேரில் போய் எண்ணுவேன்.

புத்தகக் கடையோடு நின்றுவிடாதீர்கள். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகாமல் இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மிட்டாய்க் கடை அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வச்சிட்டுப் போங்க டீச்சர், எண்ணெ படாம நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கழிவு 20 சதவீதம் போதும் என்றார். 120-க்கு எனக்கு 96 வந்தது, அடக்கத்துக்கு மேல் 14. கரிசல் ஊர்க் கதைகள் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்தேன். அங்கே 45 பிரதி விற்றது. புத்தகக் கடைகளில் காசு வந்தது 15 பிரதிக்கு. வெளியூர்க்காரர்கள் உங்கள் ஊரில் எதை வாங்கிப் போகிறார்களோ, அதன் பக்கத்தில் உங்கள் புத்தகம் இருக்கட்டும்.

படி 7: புத்தகத் திருவிழாக்கள்

ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. ஈரோடு, மதுரை, நெல்லை என்று எந்தத் திருவிழாவானாலும், அரங்கு எடுக்கும் சிறு பதிப்பாளர் ஒருவரிடம் பத்துப் பிரதி கொடுத்து வைப்பதுதான் நடைமுறை. அங்கும் சலான்தான். உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்களா என்று மாவட்ட நூலக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நீங்களும் அங்கே நில்லுங்கள். யாராவது எடுத்துப் பார்த்தால் உடனே பேச்சுக் கொடுக்காதீர்கள், ஒரு பக்கமாவது படிக்க விடுங்கள்.

என் முதல் பதிப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நேரில் 190, மிட்டாய்க் கடை 45, புத்தகக் கடை 15, தொலைந்தது 5, இலவசம் 31, நூலகங்களுக்கு 4, மிச்சம் 10. வந்த பணம் 28,200. அச்சடக்கம் 24,600. கையில் நின்றது 3,600 ரூபாய், அதிலும் விழாவுக்கு வாங்கிய வடை, காபி கணக்கைச் சேர்க்கவில்லை.

பின்சேர்க்கை 1: கடையில் ஜிஎஸ்டி எண் கேட்கிறார்கள், என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரியில்லாத பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. சலானில் "அச்சிட்ட நூல், எச்எஸ்என் 4901, வரி விலக்கு" என்று எழுதிக் கொடுங்கள். எச்எஸ்என் என்பது வரிக்காகப் பொருளுக்குத் தரும் குறியீட்டு எண். ஆனால் அச்சகப் பில்லில் நீங்கள் கட்டிய வரி திரும்பி வராது, அதை அடக்கத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: வெளியூருக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்று பலர் கேட்டார்கள். 2024 இறுதியில் பழைய சலுகைப் புத்தக அஞ்சல் நின்றபோது எனக்கும் கை ஒடிந்த மாதிரி இருந்தது. 2025 மே 1 முதல் அஞ்சல் துறையில் புத்தகம் அனுப்பக் கியான் போஸ்ட் வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. 144 பக்கப் புத்தகம் உறையோடு 200 கிராம் பக்கம்தான் வரும். தரைவழி போவதால் மெதுவாகத்தான் போகும், வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விளம்பரம் அச்சிட்ட வெளியீடுகளை எடுக்க மாட்டார்கள். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். என் முதல் பதிப்பில் இரண்டுமே ஒழுங்காக இல்லை. முகவரி இருந்தது, வெளியீடு என்று பெயர் போடவில்லை, அச்சகத்தின் பெயரும் விட்டுப்போயிருந்தது. கவுன்டரில் இருந்த அம்மா பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். மிச்சமிருந்த பத்துப் பிரதி அப்படித்தான் இன்னும் கட்டிலடியில் இருக்கிறது. உள்ளூரில் யாருக்காவது வேண்டுமென்றால் 120 ரூபாய்தான், மிட்டாய்க் கடையில் சொல்லி வைக்கிறேன்.