பன்னிரண்டு மிஷினிலிருந்து நாற்பது பேர் வரை: ஜாப் ஒர்க் முதலாளி எதை எப்போது கைமாற்ற வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஜாப் ஒர்க்காக, அதாவது பெரிய கம்பெனி தரும் தோலை வாங்கிக் கூலிக்கு, ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளில் முதலாளியே எல்லாம். கம்பெனிக்குப் போய்த் தோலையும் சலானையும் வாங்கி வருவார். வெட்டியதை எண்ணுவார், நூல் வாங்குவார், தைத்ததைப் பார்ப்பார், சாயங்காலம் வண்டியில் ஏற்றிவிடுவார், சனிக்கிழமை கூலி கொடுப்பார். பன்னிரண்டு மிஷின் வரை இது நன்றாகவே ஓடும். இருபத்தைந்தைத் தாண்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மிஷின் கூடும், ஜோடி கூடும், கூடவே ரிஜெக்டும் கூடும். மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். ஆள் சரியில்லை என்பதைவிட, முடிவெடுக்கிறவர் இன்னும் ஒரே ஒருவர் என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆள் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு வாரம் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். உங்களிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். "அண்ணா, இந்த ஷேட் சேருமா?", "நூல் தீர்ந்துபோச்சு", "ஐநூறு ரூபா அட்வான்ஸ் வேணும்", "இன்னைக்கு எந்த லாட் முதல்ல போகணும்?" என்று பக்கம் நிறையும். பிறகு ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எண்ணுங்கள். நான்கைந்து வகைக்குமேல் வராது. அந்த ஒவ்வொரு வகையும் நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு வேலை. நோட்டை முடித்தபிறகு இரண்டு நாள் திருப்பதிக்குப் போய்வாருங்கள், போனை அணைத்துவிட்டு. திரும்பி வரும்போது எது நின்றுபோயிருக்கிறதோ அதில்தான் முதல் ஆள் தேவை.

கைமாற்றும் வரிசை முக்கியம். முதலில் எண்ணிக்கையும் ஸ்டோரும், அடுத்து செக்கிங், அதற்குப் பிறகு லைன் (மிஷின் வரிசையை மேற்பார்ப்பது), பிறகு சில்லறைக் கொள்முதல். ரேட் பேசுவதும் கம்பெனியோடு உறவும் கடைசி. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மச்சானைக் கம்பெனிக்கு அனுப்பி ரேட் பேசச் சொல்லிவிட்டுத் தாங்கள் மிஷின் பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுப்பார்கள். கைக்குப் பழகிய வேலையை விட மனசு வராது, அவ்வளவுதான்.

ஸ்டோருக்கு வருகிறவருக்குத் தையல் தெரிய வேண்டியதில்லை, கணக்கு தெரிய வேண்டும். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு தாள்: வந்த தோல் எத்தனை சதுர அடி, வெட்டியது எத்தனை ஜோடி, ஜோடிக்கு எத்தனை சதுர அடி விழுந்தது, மீதி எவ்வளவு. வெட்டுவதும் உங்கள் பொறுப்பில் இருந்தால் உங்கள் லாபம் இந்தத் தாளில்தான் இருக்கிறது. தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. வயிற்றுப் பக்கம் இழுபடும், முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். இடது கால், வலது கால் இரண்டுக்கும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் வெட்டாவிட்டால் ஷேட் மாறிவிடும், ஜோடி சேராது. புது கட்டர் அவசரத்தில் தாராளமாக வெட்டினால் தோல் குறையும், கம்பெனி டெபிட் நோட் போட்டு அந்தக் காசை உங்கள் பில்லில் பிடித்துக்கொள்ளும். தாள் இல்லாவிட்டால் அந்த டெபிட் சரியா தப்பா என்று வாதாடக்கூட முடியாது.

செக்கரை சூப்பர்வைசருக்குக் கீழே வைக்காதீர்கள். சூப்பர்வைசருக்கு ஜோடி எண்ணிக்கை வேண்டும், செக்கருக்குச் சுத்தமான தையல் வேண்டும். செக்கர் சூப்பர்வைசர் சொல்லைக் கேட்க வேண்டும் என்று வைத்தால் ஜோடி எண்ணிக்கைதான் ஜெயிக்கும். செக்கர் நேரே உங்களிடம் பேசட்டும். கடைசியில் பேக்கிங்கில் மட்டும் பார்ப்பதும் போதாது. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன ஓட்டை மூடாது. பிரித்தால் ஓட்டை வரிசை அப்படியே தெரியும், அந்த பீஸ் கழிவு. அதனால் முதல் தையல் முடிந்த இடத்திலேயே ஒரு பார்வை, அப்பர் முடிந்ததும் இன்னொரு பார்வை. கம்பெனி ஒப்புதல் கொடுத்த சாம்பிளை ஒரு பையில் போட்டு செக்கிங் டேபிளுக்கு மேலே தொங்கவிடுங்கள். பாதி கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது சூப்பர்வைசர். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். இருப்பதிலேயே நன்றாகத் தைக்கும் டெய்லரை சூப்பர்வைசர் ஆக்குவார்கள். ஒரே நாளில் நல்ல டெய்லர் ஒருவர் போய்விடுவார், சுமாரான சூப்பர்வைசர் ஒருவர் வந்துசேருவார். பீஸ் ரேட்டில் அவர் எடுத்த காசு மாதச் சம்பளத்தைவிடக் கூடவும் இருந்திருக்கும். மூன்று மாதத்தில் மனசு கசந்துவிடும். ஊசி உடைந்தால், நூல் அறுந்தால், பக்கத்து மிஷின்காரர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அவரே பொருத்தமானவர், தையலில் இரண்டாமிடமோ மூன்றாமிடமோ இருந்தாலும் பரவாயில்லை. முதலில் ஆறு மிஷினை மட்டும் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். சரியாக வந்தால் பதினைந்து பேர், அதிகபட்சம் இருபது. அதற்குமேல் ஒருவரால் முகம் பார்த்துப் பேச முடியாது.

ஆள் வராத நாளில் சூப்பர்வைசரையே மிஷினில் உட்கார வைப்பது பெரிய தப்பு. அன்றைக்கு இருபது ஜோடி கூடும், லைன் முழுவதையும் பார்க்க ஆள் இருக்காது. பன்னிரண்டு மிஷினுக்கு ஒருவர் வீதம் எல்லா ஆபரேஷனும் தெரிந்த டெய்லரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரம்ஜான், பொங்கல், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று ஆள் குறையும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. காலண்டரில் குறித்து, அந்த வாரத்துக்கு டெலிவரி ஒப்புக்கொள்ளாமல் இருப்பதும் முதலாளி வேலைதான்.

பொறுப்பைக் கொடுத்தபிறகு அதைத் திரும்பப் பிடுங்காமல் இருக்க வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் உங்களிடமே வருவார்கள். "அண்ணா, இது ஓகேவா?" என்று கேட்டால் பதில் தெரிந்தாலும் "செக்கர் அக்காகிட்ட காட்டும்மா" என்று சொல்லுங்கள். முதல் மாதம் வாய் வலிக்கும். செலவுக்கும் எல்லை எழுதிவையுங்கள்: ஸ்டோர்காரர் ஒரு பில்லுக்கு 2,000 ரூபாய் வரை கேட்காமல் வாங்கலாம், சூப்பர்வைசர் ஒருவருக்கு 500 ரூபாய் வரை அட்வான்ஸ் கொடுக்கலாம், அதற்குமேல் போனால் உங்களிடம் வர வேண்டும்.

இனி பணம். வளரும் யூனிட் நஷ்டத்தால் மூடுவதைவிடக் கையில் காசில்லாமல் மூடுவது அதிகம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி தினக்கூலி 600 ரூபாய் என்றால் பன்னிரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 7,200, நாற்பது பேருக்கு 24,000. தைத்து பில் போட 10 நாள், கம்பெனி பணம் கொடுக்க 45 நாள். மொத்தம் 55 நாளில் ஏறக்குறைய 47 வேலை நாள். பன்னிரண்டு பேருக்கு வெளியே நிற்கும் கூலி சுமார் 3.4 லட்சம், நாற்பது பேருக்கு சுமார் 11.3 லட்சம். வித்தியாசம் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது கூலி மட்டும். நூல், பசை, கரண்ட், வாடகை தனி. அந்த எட்டு லட்சத்தை மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 24,000 போகும். நாற்பது பேரும் மாதத்தில் ஒரு நாள் வட்டிக்காரருக்காகத் தைக்கிற கணக்கு அது. மிஷின் வாங்குவதற்கு முன்னால் பேங்கில் கேஷ் கிரெடிட்டோ ஓவர்டிராஃப்டோ பேசி முடித்துவிடுங்கள்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், அதைச் செய்து எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதமாக்கினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். இது 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும். மார்ச் மாதத்தில் மரியாதையாக ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பினால் போதும்.

பத்துப் பேர் ஆனதும் இஎஸ்ஐ, இருபது பேர் ஆனதும் பிஎஃப். மாதம் 12,000 சம்பளம் வாங்கும் ஹெல்பர் ஒருவருக்கு உங்கள் பங்கு: இஎஸ்ஐ 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். பிஎஃப் 12 சதவீதமும் நிர்வாக, காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்து 1,560. ஆக 1,950. இருபது பேர் ஆனால் போனஸும் சேரும், குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். இவற்றைச் சேர்த்துத்தான் ஜோடி ரேட் பேச வேண்டும். பேசி முடித்துவிட்டுப் பிறகு நினைத்துப் பயனில்லை. இருபதைத் தாண்டாமல் காட்ட மனைவி பெயரில் இரண்டாவது யூனிட் என்று பிரிப்பவர்கள் உண்டு. ஷெட் ஒன்று, சூப்பர்வைசர் ஒருவர், பணம் ஒரே கை என்றால் பிஎஃப் அலுவலகம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முன்தேதியிலிருந்தே கேட்கும். தவிர, ஏற்றுமதி கம்பெனிகளின் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் ஆடிட் செய்கிறார்கள். வருகைப் பதிவேடும் பிஎஃப் சலானும் இல்லாத யூனிட்டுக்குப் பெரிய ஆர்டர் வராது.

தம்பியோ மச்சானோ உள்ளே வருவதாக இருந்தால், வருவதற்கு முன்பே எல்.எல்.பி. (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை) அல்லது பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றி யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிவிடுங்கள். இரண்டுக்கும் குறைந்தது இருவர் வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு விற்பனை எவ்வளவாக இருந்தாலும் வருடாவருடம் ஆடிட் உண்டு, எல்.எல்.பி.க்கு விற்பனை 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால் மட்டும். சொந்தக்காரர் என்றாலும் வேலை, சம்பளம், யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் தாளில் இருக்கட்டும். செக்கில் ஒருவரே கையெழுத்துப் போடும் ஏற்பாடு வேண்டாம்.

உங்களுக்கென்று மிஞ்சும் வேலை குறைவுதான். காலையில் லைன் தொடங்கும்முன் பத்து நிமிடம் நின்றபடியே பேச்சு: நேற்று எத்தனை ஜோடி, எத்தனை ரிஜெக்ட், எதனால், இன்று எந்த லாட். வெள்ளிக்கிழமை நான்கு எண்கள்: அனுப்பிய ஜோடி, ரிஜெக்ட், ஓவர்டைம் மணி, வர வேண்டிய பாக்கி. வாரத்தில் இரண்டு நாள் யூனிட்டுக்கு வெளியே, ராணிப்பேட்டையிலோ சென்னையிலோ புது கம்பெனிகளைப் பார்க்க.

நீங்கள் இல்லாத அந்த இரண்டு நாளும் இருக்கிற நாளைப் போலவே மூன்று மாதம் ஓடினால் இரண்டாவது ஷெட்டைப் பற்றி யோசிக்கலாம். அதை ஆம்பூருக்குள்ளேயே தேடாதீர்கள். மாதனூர், பேரணாம்பட்டுக் கிராமங்களிலிருந்து வேனில் வரும் பெண்கள்தான் உங்கள் டெய்லர்கள் என்றால் ஷெட்டை அவர்கள் பக்கம் கொண்டுபோங்கள். வேன் செலவு குறையும், லீவும் குறையும். முதல் ஷெட்டிலிருந்து சூப்பர்வைசரையும் ஒரு செக்கரையும் அங்கே அனுப்பலாம். கட்டிங்கை மட்டும் பழைய ஷெட்டிலேயே வைத்து, வெட்டியதை எண்ணிக் கட்டி அனுப்புங்கள்; தோல் கணக்கு இரண்டு இடத்தில் பிரிந்தால் எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.