முதல் கிரெடிட் கார்டு: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதுவரை யாரிடமும் கடன் வாங்கியதில்லை என்பதால் தங்கள் சிபில் ஸ்கோர் நன்றாகவே இருக்கும் என்று, முதல் வேலையில் சேர்ந்த பலர் நம்புகிறார்கள். 300 முதல் 900 வரை செல்லும் அந்த மதிப்பெண், கடனை வாங்கித் திருப்பிச் செலுத்திய பதிவிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. பதிவே இல்லாதவருக்கு மதிப்பெண்ணும் இருக்காது. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அந்த வருத்தத்தில் அடுத்தடுத்து நான்கைந்து வங்கிகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு வங்கியும் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையைக் கேட்டுப் பெற்றது அதிலேயே பதிவாகி, பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றத்தை உண்டாக்கும். அதற்குப் பதிலாக, வங்கியில் ஒரு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதையே ஈடாக வைத்து கார்டு வாங்கலாம். இப்படி வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, 'மினிமம் டியூ' எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது. பில் 20,000 ரூபாய், அதில் 5 சதவீதமான 1,000 ரூபாயை மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால், 20,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 700 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். நீங்கள் கட்டியதில் 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் ஈடாகிவிட, அசலில் 200 ரூபாய்கூடக் குறைவதில்லை. இதற்கு மேல், பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடுவதால், புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 'மினிமம்' கட்டினால் தாமதக் கட்டணம் வராது என்பது உண்மைதான். அந்த நிம்மதிதான் பலரை ஆண்டுக்கணக்கில் கடனில் வைத்திருக்கிறது. தானியங்கிப் பற்றுக்கு (ஆட்டோ டெபிட்) விண்ணப்பிக்கும்போது 'முழுத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைத் தயவுசெய்து ஒருமுறை சரிபாருங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுக்கவே கூடாது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் அன்றைக்கே தொடங்கிவிடும்.

முழுத் தொகையைத் தவறாமல் கட்டுகிறவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று, கார்டின் கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது. 50,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினால், கெடுவுக்குள் கட்டினாலும் பில் போடும் நாளில் இருக்கும் பெரிய பாக்கியே பொதுவாக ஸ்கோர் கணக்கிடும் நிறுவனங்களின் பதிவேட்டுக்குப் போகிறது; அது ஸ்கோரைப் பாதிக்கலாம். பயன்பாட்டை வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பெரிய செலவு தவிர்க்க முடியாததானால், பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.

தன் ஸ்கோரைத் தானே பார்த்தால் குறைந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்காத கடனோ, கட்டியும் கட்டாததாகக் காட்டும் தவணையோ அதில் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு.