படமே இல்லாத படத்துக்கு டிரெய்லர்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி ஊடகப் பாடத்துக்கு ஒரு டிரெய்லர் எடுத்து வரச் சொன்னால், பெரும்பாலான மாணவர் குழுக்கள் ஒரே வழியில்தான் போகின்றன. முதலில் ஒரு கதை எழுதுவார்கள். அதை முதல் காட்சியிலிருந்து வரிசையாகப் படம்பிடிப்பார்கள். எடுத்ததையெல்லாம் எடிட்டிங்கில் சுருக்கி, மேலே ஓர் அதிரடி இசையை ஏற்றி, கடைசியில் ‘விரைவில்’ என்று எழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். போட்டுப் பார்த்தால் மூச்சிரைக்க ஓடும் ஒரு குறும்படம் தெரியும். டிரெய்லரைக் காணோம்.

அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. இந்தப் பணியிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. நிஜ சினிமாவில் டிரெய்லர் வெட்டுபவருக்கு முன்னால் முழுப் படமும் கிடக்கிறது. அதிலிருந்து நல்லதைப் பொறுக்குவதுதான் அவர் வேலை. மாணவருக்குப் படமே கிடையாது. இல்லாத ஒரு படத்திலிருந்து பொறுக்கியதுபோல் தெரியும் துண்டுகளை அவரே உண்டாக்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதை யோசிக்காமல் கேமராவைத் தூக்கியதால் வந்தவை.

கதையைச் சொல்லிவிடுவது

நாம் முன்னோட்டம் என்கிறோம். ஆனால் டிரெய்லர் என்ற சொல்லுக்கு ‘பின்னால் இழுபட்டு வருவது’ என்றுதான் பொருள். தொடக்க காலத்தில் படம் முடிந்த பிறகே இவற்றைத் திரையிட்டார்கள். படம் முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விட்டதால் முன்னால் கொண்டுவந்தார்கள், பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. எழுந்து போகத் தயாராக இருப்பவரைப் பிடித்து உட்கார வைக்க முழுக் கதை வேண்டாம், ஒரு கேள்வி போதும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தை எடுக்கிறாள் ஒரு மாணவி. அதன் ஓரங்களில் அவளுடைய கையெழுத்திலேயே குறிப்புகள் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை அவள் இதற்கு முன் தொட்டதே இல்லை. யார் எழுதியது? டிரெய்லருக்கு இவ்வளவு போதும். ஆனால் குழுவுக்குத் தங்கள் விடையின் மேல் பெருமை. அவளுக்கு ஓர் இரட்டைச் சகோதரி இருப்பதாகக் கடைசி பத்து விநாடியில் காட்டிவிடுவார்கள். ‘அதுதான் சார் எங்க ட்விஸ்ட்’ என்பார்கள். அந்த ட்விஸ்டைப் பார்த்த பிறகு எதற்காகப் படத்துக்கு வர வேண்டும்?

படப்பிடிப்புக்கு முன் அந்தக் கேள்வியை ஒரே வரியில் எழுதி, ஷாட் பட்டியலின் தலைப்பில் ஒட்டிவையுங்கள். அதைக் கிளறாத ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

கணக்குப் போடாமல் ஷூட்டிங் போவது

திரையரங்க டிரெய்லருக்கு இரண்டரை நிமிடம் நெடுநாள் வழக்கம். 2014இல் அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர் சங்கம் அதை 2 நிமிடத்துக்குள் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. வகுப்புக்கு 90 விநாடி தாராளம். அதில் திரையில் வெறும் எழுத்தாக வரும் எழுத்து அட்டைகளுக்கு 15 விநாடி போனால் மீதி 75. ஒரு ஷாட் சராசரியாக 2 விநாடி நின்றால், உங்களுக்கு 37 ஷாட்கள் வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் போய் 12 ஷாட்களோடு வரும் குழுவுக்கு ஒவ்வொரு ஷாட்டும் ஆறு விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இந்தப் பற்றாக்குறையை மறைக்கத்தான் ஸ்லோமோஷனைப் பிடித்துக்கொள்கிறார்கள். விநாடிக்கு 30 ஃப்ரேமில், அதாவது 30 தனிப்படங்களாக, எடுத்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினால் விநாடிக்கு 15 ஃப்ரேம்தான் மிஞ்சும், படம் தத்தித் தத்தி நடக்கும். மெதுவாக ஓட்டப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் அந்த ஷாட்டை மட்டும் 60 அல்லது 120இல் எடுங்கள்.

ஷாட்களைக் கூட்டுவது பெரிய பாடில்லை. நூலகக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் புத்தகத்தைத் திறப்பதை வைட், மிட், க்ளோசப் என மூன்று அளவில் எடுத்தால் மூன்று ஷாட். அப்புறம் அலமாரியில் ஓடும் விரல், நோட்டிலும் புத்தகத்திலும் ஒரே கையெழுத்து, காலியான நாற்காலி, அணையும் விளக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒரு ஜோடிக் கால். ஐந்து நிமிடத்தில் ஐந்து ஷாட். எடிட்டிங்கில் நீங்கள் கும்பிடப் போவது இந்தச் சில்லறைகளைத்தான்.

ஒவ்வொரு டேக்கிலும், அதாவது ஒரு ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும், நடிப்பு தொடங்கும் முன் 5 விநாடி, முடிந்த பின் 5 விநாடி கேமரா ஓடட்டும். வசனம் முடிந்த மறுநொடியே நிறுத்திவிட்டால் வெட்டி ஒட்டுவதற்கு இடமே இருக்காது.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: உடை. எல்லாரும் ஒரே சட்டையில், ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில் வந்தால், படம் முழுவதும் ஒரே மதியத்தில் நடப்பதுபோல் ஆகிவிடும். அதை டிரெய்லர் என்று யார் நம்புவார்கள்? ஆளுக்கு இரண்டு மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள். காலையில் சில ஷாட்கள், மாலை வெயிலில் சில, இருட்டிய பிறகு ஒன்றிரண்டு. வராந்தா, படிக்கட்டு, தெரு என்று இடத்தையும் மாற்றுங்கள். பல வாரம் ஓடும் ஒரு பெரிய கதையிலிருந்து வெட்டியதுபோல் தோன்றும். செலவு எதுவும் இல்லை.

கேமராவில் நடக்கும் சில்லறைத் தவறுகள்

போன் கேமரா போதும், அதில் சந்தேகம் வேண்டாம். லென்ஸைத் துடைப்பது, படுக்கைவாட்டில் பிடிப்பது, ஏரோப்ளேன் மோடில் போடுவது, சேமிப்பிடத்தைப் பார்த்துக்கொள்வது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை, ஆனாலும் மறந்துவிடுகிறோம். விரல்களால் ஜூம் செய்யாதீர்கள், நாலு எட்டு முன்னால் நடந்து போங்கள். ஆள் நகரும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்குகிறது என்றால் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷர் தன் வேலையைக் காட்டுகிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

டியூப் லைட்டின் கீழ் படம் துடித்தால் கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்று பேர் மூன்று போனில் எடுப்பதாக இருந்தால், மூன்றும் ஒரே ஃப்ரேம் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) இருக்கின்றனவா என்று முதல் ஷாட்டுக்கு முன் பாருங்கள். ஒன்று 24, ஒன்று 30, இன்னொன்று 60 என்று வந்தால், எடிட்டிங்கில் ஷாட்களை அடுக்கும் டைம்லைனில் அசைவு ஒட்டாது. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில், வீடியோவை உள்ளே கொண்டுவந்த பிறகு புராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இருவர் எதிரெதிரே நின்று பேசினால், அவர்களை இணைக்கும் ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டு கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் வரும்.

வெளியில் எடுக்கும்போது, ஃப்ரேமில் முகம் தெரியும் எல்லாரிடமும் அனுமதி கேளுங்கள். பொம்மைத் துப்பாக்கியைப் பொது இடத்தில் நீட்டும் காட்சி வேண்டவே வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு

என்னைக் கேட்டால் மதிப்பெண் அதிகம் பறிபோவது இங்கேதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ‘ஸ்டைல்’ என்று சமாளிக்கலாம். வசனம் கேட்கவில்லை என்றால் எதைச் சொல்லியும் சமாளிக்க முடியாது.

மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் போனில் பதிவாகும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். காரணம் எளிது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் விழும். அறைக்குள்ளோ சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படியே இருக்கிறது. குரல் குறையக் குறைய எதிரொலி மேலோங்கிவிடும். இதை எடிட்டிங்கில் கூட்டிச் சரிசெய்ய முடியாது, கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

இரண்டாவது போன் ஒன்றில் குரல் பதிவு செயலியை ஓடவிட்டு, பேசுபவரின் வாய்க்கு அருகே, ஃப்ரேமுக்கு வெளியே வையுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். கை சேரும் ஃப்ரேமையும் ஒலி அலையில் எழும் கூரான முனையையும் பொருத்தினால் இரண்டும் சேர்ந்துவிடும். நீண்ட டேக்கில் போகப் போக உதடும் குரலும் விலகினால், போன் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோவை நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி முயலுங்கள். கிளம்பும் முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவு செய்துவிடுங்கள். வெட்டுகளுக்கு இடையே விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும்.

டிரெய்லரில் ஒரு சலுகை இருக்கிறது, மாணவர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இங்கே வசனம் பேசுபவரின் உதட்டிலேயே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘இதை நான் எழுதவே இல்லை’ என்ற குரல் ஒலிக்கும்போது திரையில் அலமாரியில் ஓடும் விரலைக் காட்டலாம். ஆகவே முக்கியமான நாலு வரிகளை, எதிரொலி அடங்க, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று தனியாகப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். படப்பிடிப்பில் ஒலி சொதப்பினாலும் டிரெய்லர் தப்பித்துவிடும்.

இசை

பிறருடைய பாட்டைப் போட்டுவிட்டு மாணவர்கள் சொல்லும் ‘பத்து விநாடிதானே’, ‘கீழே நன்றி போட்டுவிட்டோமே’ ஆகிய இரண்டும் காப்புரிமைக்கு முன் நிற்காது. பத்து விநாடி வரை பரவாயில்லை என்று பொதுவான சட்ட விதி எதுவும் கிடையாது. வகுப்பறைப் பயன்பாட்டுக்குச் சில நாடுகளில் சலுகை உண்டு. ஆனால் அதே டிரெய்லரை இணையத்தில் ஏற்றும்போது அந்தச் சலுகையை நம்ப முடியாது. பழைய செவ்வியல் இசை என்றாலும் கவனம் வேண்டும். இயற்றியவரின் உரிமை காலாவதியாகியிருக்கலாம், ஆனால் போன வருடம் அதை வாசித்துப் பதிவு செய்தவரின் உரிமை உயிரோடு இருக்கும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே அனுமதித்து, கிடைக்கும் இசை நல்ல வழி. ஆனால் உரிமத்தின் பெயரில் ‘என்டி’ (ND) என்ற எழுத்துகள் இருந்தால் விட்டுவிடுங்கள். வீடியோவோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றியமைத்தலாகக் கருதுகிறது, அதற்கு ‘என்டி’யில் அனுமதி இல்லை.

எடிட்டிங்

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு சூப் தட்டோடும், பிறகு ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் ஒருமுறை பசியையும் ஒருமுறை துக்கத்தையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. நடிப்பு வராத நண்பர்களை வைத்துப் படமெடுக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அந்த மாணவி பயந்து நடிக்க வேண்டாம், சும்மா நிமிர்ந்து பார்த்தால் போதும். அடுத்த ஷாட் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கால்களாக இருக்கட்டும்.

ஷாட்களைக் கதை வரிசையில் அடுக்கும் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதி அநேகமாக ஆர்வக் கோளாறு: சுழலும், பறக்கும், பக்கம் புரளும் டிரான்சிஷன்கள். வெறும் கட், இடையிடையே கறுப்புத் திரை, இவை போதும். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு வெட்டு என்று 90 விநாடியும் அடித்தால் பத்தாவது விநாடியிலேயே காது மரத்துவிடும். தொடக்கத்தில் மெதுவாகப் போய், முக்கியமான வரிக்கு முன் இசையைச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள்.

எழுத்து அட்டையில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். மெதுவாக இரண்டு முறை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் நிற்கட்டும். தமிழில் தலைப்புப் போடும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். மல்லுக்கட்டாமல், தலைப்பை வேறொரு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

பென்டிரைவில் வந்த வெறும் கூடு

வருடம் தவறாமல் நடக்கும் கூத்து இது. வீட்டில் எடிட் செய்து, புராஜெக்ட் ஃபைலை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருவார்கள். பள்ளிக் கணினியில் திறந்தால் டைம்லைன் முழுக்கச் சிவப்பு, ‘மீடியா காணவில்லை’. புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. எந்த ஃபைலில் எங்கே வெட்டினீர்கள் என்ற குறிப்புதான் அதில் இருக்கிறது. வீடியோ, ஒலி, இசை, படங்கள் அனைத்தையும் முதல் நாளிலேயே ஒரே ஃபோல்டரில் போட்டு, அதற்குப் பிறகு பெயரையும் இடத்தையும் மாற்றாமல் இருங்கள். அந்த ஃபோல்டரை முழுதாக இன்னொரு டிரைவிலும் வையுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன், கதை தெரியாத ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். விளக்கம் எதுவும் கொடுக்காமல் ‘என்ன கதை?’ என்று மட்டும் கேளுங்கள். இரட்டைச் சகோதரி வரை அவர் சொல்லிவிட்டால் கத்தரியைத் திரும்ப எடுங்கள். ஒன்றுமே புரியவில்லை என்றால் அந்த ஒரு வரிக் கேள்வி திரைக்கு வந்து சேரவில்லை.

1080பி அளவில், எச்.264 முறையில், எம்பி4 ஃபைலாக எடுத்தால் எந்தக் கணினியிலும் ஓடும். பிட்ரேட்டை விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் 90 விநாடி டிரெய்லர் ஏறத்தாழ 90 எம்பி வரும். வாட்ஸாப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். முடிந்தால் திரையிடப் போகும் அதே கணினியில், அதே ஸ்பீக்கரில் முதல் நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹெட்போனில் தெளிவாகக் கேட்ட அந்த மெல்லிய கிசுகிசுப்பு வகுப்பறையில் பல நேரம் கேட்காது.