தோட்டத்து ஊரில் ஜீவனானந்த தாஸை வாசிப்பது எப்படி

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுங்கள். நம் மலேசியத் தமிழர் பேச்சில் ‘வங்காளி’ என்றால் பஞ்சாபியர்தான். சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் நான் கூட்டம் வைத்தபோது, ஜீவனானந்த தாஸ் ஒரு “வங்காளக் கவிஞர்” என்றதும் முப்பது வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய ஒரு பெரியம்மா, “தலைப்பா கட்டியிருப்பாரே, அவரா டீச்சர்?” என்றார். அதிலிருந்து, “செம்பனைக் குலை வெட்டுற வங்காளதேசத் தம்பிங்க பேசுற மொழி” என்றே ஆரம்பிக்கிறேன்.

வாழ்க்கை வரலாற்றை முன்னால் வைக்காதீர்கள். ‘வனலதா சென்’ கவிதையை எடுங்கள். புத்ததேவ போஸின் ‘கவிதா’ இதழில் 1935இல் வந்தது, 18 வரிதான். ஆயிரமாயிரம் வருஷமாக இந்த மண்ணில் நடந்துகொண்டே இருக்கும் ஒருவன், சிங்களக் கடலிலிருந்து இரவின் இருட்டில் மலாயாக் கடல் வரை அலைந்ததாகச் சொல்கிறான். மலாயா என்று வந்ததும் வாசிப்பதை நிறுத்துங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தாத்தாவை யாராவது பேச ஆரம்பிப்பார்கள். பேசட்டும், அவசரமில்லை.

களைத்துப்போனவனுக்கு, நாட்டோர் என்ற வங்காள ஊரைச் சேர்ந்த வனலதா சென் கொஞ்ச நேரம் அமைதி தருகிறாள். அவள் கண்கள் பறவைக்கூடு போல இருந்தனவாம். இதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம், கேட்டுப் பாருங்கள். அதே பெரியம்மா சொன்னார்: “வா, வந்து தங்குன்னு சொல்ற கண்ணு.” எந்த உரையிலும் இவ்வளவு சரியான வரியை நான் படித்ததில்லை.

அடுத்தது ‘ஆபார் ஆஷிபோ ஃபிரே’, அதாவது ‘மீண்டும் வருவேன்’. இதற்கு ஒரு வங்காளதேசத் தம்பி கட்டாயம் வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்தவர் ‘பரிசால்’ என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், அது கவிஞர் பிறந்த மண். கைப்பேசியைப் பார்க்காமலே சொன்னார். முதலில் வங்காள மொழியில் முழுதாகக் கேட்டுவிட்டு, அப்புறம் வரிவரியாகத் தமிழுக்கு வாருங்கள். நடுவில் பாலம் மலாய்தான். தான்சிரி ஆற்றங்கரைக்கு மனிதனாக இல்லாவிட்டாலும் ஷங்கோசிலாகவோ மைனாவாகவோ திரும்பி வருவேன் என்கிறார் கவிஞர். ‘ஷங்கோசில்’ என்ன என்று கேட்டோம். “ஹெலாங்” (மலாயில் பருந்து, கழுகு) என்றவர், வெள்ளைத் தலை, செம்பழுப்பு இறக்கை என்று கையை விரித்துக் காட்டினார். நம் கருடன்! கும்பாபிஷேகத்தன்று வானத்தில் தேடுவோமே, அதே பறவை. மண்டபமே சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டது.

இப்போது வாழ்க்கையைச் சொல்லுங்கள், கேட்பார்கள். 1899இல் பிறந்தவர், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அம்மா குசும்குமாரி தாஸும் கவிஞர். 1954 அக்டோபர் 14 அன்று கொல்கத்தாவில் டிராம் மோதி, 22ஆம் தேதி இறந்தார். மறுவருடம் சாகித்திய அகாதமி விருது வந்தது. தான்சிரிக் கவிதை உள்ள ‘ரூபசி பங்ளா’ தொகுப்பை 1934இலேயே எழுதிவிட்டார், அச்சானது 1957இல்தான். நாவல்களும் கதைகளும் பெட்டியிலேயே கிடந்தன, ஒவ்வொன்றாகப் பிறகே வெளிவந்தன. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். எழுதியதைக் காட்டாமலே வைத்திருந்த ஒருவரின் வரியைத்தான் அந்தத் தம்பி மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார் என்பது எல்லாருக்கும் உறைக்க வேண்டும்.

எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். தம்பிகள் விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்க வேண்டும்.